வீட்ல ஒரு படத்த முழுசா உக்காந்து பாக்க முடியல, புக்கும் அப்படியே. நீங்கல்லாம் எப்படி பாக்கறீங்க?

பாதிப்பக்கம்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்குதான் முதல் தடவையா எழுதறேன்.

விஷயம் இதான். ராத்திரி வேலையெல்லாம் முடிச்சிட்டு ஒம்பதரை மணிக்கு டிவி முன்னாடி உக்காருவேன். என்ன பாக்கலாம்னு தேடறதுக்கே அரை மணி நேரம் போயிடும், ஒரு வழியா ஒண்ண போட்டா இருபது நிமிஷத்துல கை தானா போனுக்கு போயிடுது. போன்ல முக்கியமா ஒண்ணும் இருக்காது, எடுப்பேன் வைப்பேன் திரும்ப எடுப்பேன், நிமிந்து பாத்தா படத்துல யாரோ அழுதுட்டு இருப்பாங்க, ஏன் அழறாங்கன்னு தெரியாது. பின்னாடி ஓட்டிப் பாக்க அலுப்பா இருக்கும், நிறுத்திட்டு படுத்துடுவேன். மறுநாள் வேற படம். பாக்கணும்னு சேத்து வச்ச லிஸ்ட்ல இப்ப 64 படம் இருக்கு, அதுல எத்தனையோ படம் பாதியோட நிக்குது.

புக்கும் அப்படிதான். கட்டில் பக்கத்துல மூணு புக்கு கெடக்கு, மூணுலயும் அடையாளத்துக்கு வச்ச அட்டை நாப்பதாவது பக்கத்த தாண்டல. பத்தாவது படிக்கும்போது ஒரு நாவல எடுத்தேன்னா யாரு கூப்பிட்டாலும் காதுல விழாது, கடைசி நூறு பக்கத்த விடியற வரைக்கும் முழிச்சு படிச்சிருக்கேன். அது நான்தானான்னு இப்ப சந்தேகமா இருக்கு.

இத எழுத வச்சது போன வாரம் நடந்த ஒரு சின்ன விஷயம். அப்பா இப்ப எங்க கூடதான் இருக்காரு. ரெண்டு பேரும் சேந்து ஒரு படம் பாத்துட்டு இருந்தோம். அவருக்கு வசனம் சரியா காதுல விழ மாட்டேங்குது, அதனால நடுநடுவுல எங்கிட்ட கேப்பாரு. "இவன் யாரு, மொதல்ல கார்ல வந்தானே அவனா?"ன்னு கேட்டாரு. எனக்குத் தெரியல, நான் போன பாத்துட்டு இருந்தேன். "தெரியலப்பா"ன்னேன். அவரு என் கையில இருந்த போன ஒரு தடவ பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, திரும்பி டிவிய பாத்துக்கிட்டாரு. அதுக்கப்பறம் அந்தப் படம் முடியற வரைக்கும் அவரு எங்கிட்ட எதுவுமே கேக்கல. அது இன்னமும் உறுத்திட்டே இருக்கு.

நீங்கல்லாம் வீட்ல எப்படி பாக்கறீங்க, எப்படி படிக்கறீங்க? ஏதாவது வழக்கம் வச்சிருக்கீங்களா? பழையபடி ஒரு படத்துக்குள்ள போயி உக்கார முடியுமா?

---

நடுஸ்பீக்கர்:

மத்தவங்க மனச பத்தி எழுதுவாங்க, நான் மொதல்ல அப்பாவோட காத பத்தி சொல்றேன், ஏன்னா அதுல பாதிக்கு மேல டிவியோட தப்புதான், காதோட தப்பு இல்ல. எங்கம்மாவுக்கும் காது போச்சுன்னுதான் நாங்க ரெண்டு வருஷம் நெனச்சிட்டு இருந்தோம்.

தியேட்டருக்காக மிக்ஸ் பண்ற படத்துல வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னாடி இருக்கற நடு ஸ்பீக்கர்ல தனியா வரும், மியூசிக்கும் மத்த சத்தமும் இடது வலது பக்கவாட்டுன்னு பிரிஞ்சு வரும். வீட்டு டிவில இருக்கறது ரெண்டு சின்ன ஸ்பீக்கர், அதுவும் பெரும்பாலான மாடல்ல கீழ பாத்தோ பின்னாடி சுவத்த பாத்தோதான் இருக்கு. அஞ்சாறு பக்கம் பிரிச்சு வச்ச சத்தத்த எல்லாம் அந்த ரெண்டுக்குள்ள போட்டு அமுக்கினா வசனம்தான் மொதல்ல மூழ்கும். அதனாலதான் பேசும்போது வால்யூம ஏத்தறோம், அடுத்த சீன்ல குண்டு வெடிச்சா பதறிப்போயி கொறைக்கறோம். இத பண்ணுங்க: படம் ஓடற ஆப்லயே ஆடியோன்னு ஒரு இடம் இருக்கும், அதுல 5.1 (அஞ்சாறு ஸ்பீக்கருக்குப் பிரிச்ச சத்தம்) இருந்தா ஸ்டீரியோவுக்கு (ரெண்டே ஸ்பீக்கருக்கானது) மாத்துங்க. டிவி செட்டிங்ஸ்ல நைட் மோடு, இல்லன்னா வசனத்த தெளிவாக்கறதுன்னு ஏதாவது பேர்ல ஒண்ணு இருக்கும், அத ஆன் பண்ணுங்க. நைட் மோடு என்ன செய்யும்னா பெரிய சத்தத்த கொறச்சு சின்ன சத்தத்த தூக்கி விடும், வயசானவங்களுக்கு அது ரொம்ப உதவும். சப்டைட்டில எப்பவும் போட்டு வைங்க, தமிழ்ப் படத்துக்கும்தான்.

இன்னொண்ணும் சொல்றேன், இது என் மனசுக்கு ரொம்ப நெருக்கமான விஷயம். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம்ல, அதாவது 24 தனித்தனி ஸ்டில்லா எடுக்கறது. புது டிவி நிறைய, வாங்கினப்பவே மோஷன் ஸ்மூத்திங் ஆன் ஆகித்தான் வருது, அது ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவுல இல்லாத ஃப்ரேம தானா உருவாக்கி சொருகிடும். கிரிக்கெட்டுக்கு நல்லா இருக்கும். படம் பாத்தா சீரியல் ஷூட்டிங்க பக்கத்துல நின்னு பாக்கற மாதிரி ஆயிடும், நடிக்கறாங்கன்னு தெரிஞ்சிடும். 2018ல டாம் க்ரூஸே டைரக்டர் கிறிஸ்டோபர் மெக்குவாரிய பக்கத்துல வச்சுக்கிட்டு, இத ஆஃப் பண்ணுங்கன்னு கேட்டு வீடியோ போட்டாரு. எங்க வீட்ல ஆஃப் பண்ணின அன்னிக்கு ஒரு பழைய படத்த போட்டேன். தெரிஞ்ச முகம்தான், ஏதோ ரொம்ப நாளைக்கு அப்பறம் ஊர்லேந்து வந்த ஆள பாக்கற மாதிரி இருந்துச்சு. மனசு ஒட்டாததுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம், இன்னிக்கே பாத்துடுங்க.

---

தெனம்ஒருஅத்தியாயம்:

நான் புக்க பத்தி மட்டும் சொல்றேன்.

எங்க மாமனாருக்கு கண்ணு மங்கிப் போச்சு. வாழ்க்கை முழுக்க படிச்சவரு, கைல புக்கு இல்லாம அவர யாரும் பாத்ததே இல்ல. படிக்க முடியாம போனதும் மனுஷன் பேசறதையே கொறச்சுட்டாரு. ஆடியோ புக் போட்டுக் குடுத்தோம், "யாரோ ஒரு ஆளு, எதுக்கு இந்த அவசரம்"னு வச்சுட்டாரு. நானே படிச்சுக் காட்டறேன் மாமான்னு ஒரு நாள் பொன்னியின் செல்வன எடுத்தேன். அவருக்கு அது தெரிஞ்ச கதை, எனக்குத்தான் புதுசு. அஞ்சு பாகமும் சேத்து 293 அத்தியாயம். தெனம் ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் ஒண்ணே ஒண்ணு. அதுக்கு மேல படிக்கக் கூடாதுன்னு அவருதான் சொன்னாரு.

எனக்கு அது மொதல்ல புரியல, நல்ல இடத்துல நிறுத்தச் சொல்றாரேன்னு இருக்கும். அவரு சொன்ன காரணம் இது. அந்தக் கதை 1950லேந்து 1954 வரைக்கும் கல்கி பத்திரிகைல வாரா வாரம் வந்தது, படிச்சவங்க ஒரு வாரம் காத்திருந்து படிச்சாங்க, எழுதினவரும் அந்தக் காத்திருப்ப மனசுல வச்சுத்தான் ஒவ்வொரு அத்தியாயத்தையும் முடிச்சாரு, மொத்தமா விழுங்கினா அந்த முடிப்பெல்லாம் வீணாப் போயிடும்மான்னாரு. உண்மைதாங்க. யாரோ கதவுக்குப் பின்னாடி நிப்பாங்க, ஒரு குரல் கேக்கும், அத்தியாயம் முடிஞ்சிடும். மறுநாள் பூரா வேலைக்கு நடுவுல எனக்கு அந்தக் குரல் யாரோடதுன்னே ஓடிட்டு இருக்கும். மாமா தெரிஞ்சும் சொல்ல மாட்டாரு, சிரிப்பாரு.

சத்தமா படிக்கும்போது ஒரு வரியக் கூட தாண்ட முடியாது, அதான் எனக்கு கெடச்ச பெரிய விஷயம். கண்ணால படிச்சா வர்ணனைய எல்லாம் தாவிடுவேன். வாயால படிச்சா வீராணம் ஏரிக்கரையில குதிரை போகற அந்த முதல் அத்தியாயத்துல தண்ணி, காத்து, படகு எல்லாத்தையும் சொல்லித்தான் ஆகணும். சொல்லும்போதுதான் அது கண்ணு முன்னாடி வருது.

இடையில காய்ச்சல், வெளியூர்னு விட்டுப்போனதெல்லாம் சேத்து கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆச்சு. கடைசி அத்தியாயம் முடிஞ்சதும் எனக்குக் கோவமே வந்துடுச்சு, என்ன மாமா இது, இவங்களுக்கெல்லாம் என்ன ஆச்சுன்னு சொல்லாமலே முடிச்சுட்டாரேன்னேன். "நாளைக்கு முடிவுரைய படி"ன்னாரு. அதுல பாத்தா அப்ப வாசகர்களும் இதே கேள்வியத்தான் கேட்டிருக்காங்க, கல்கியும் உக்காந்து பதில் எழுதியிருக்காரு! எழுபது வருஷத்துக்கு முன்னாடி யாரோ கோவப்பட்ட அதே இடத்துல நானும் கோவப்பட்டிருக்கேன். அன்னிக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.

உங்களுக்கு நான் சொல்றது, மூணு புக்குல ரெண்ட எடுத்து உள்ள வச்சுடுங்க. மிச்சம் இருக்கற ஒண்ண அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுங்க. ஒரு அத்தியாயம் போதும்.

---

சத்தம்வேணும்:

எல்லாரும் கவனமா பாக்கணும்னு சொல்றீங்க, சரிதான். ஆனா ஒரு விஷயத்த நானும் சொல்லணும்.

என் வீட்டுக்காரர் தவறினதுக்கு அப்பறம் ஏழெட்டு மாசம் என்னால எதையுமே கவனமா பாக்க முடியல. புதுசா ஒரு கதைக்குள்ள போக தெம்பு இல்ல, யாரு சாவாங்களோன்னு பயம். நாங்க ரெண்டு பேரும் சேந்து பாத்த ஒரு காமெடி சீரியல் இருந்துச்சு, அத ஓட விட்டுட்டு சமையல்கட்டுல நிப்பேன், துணி மடிப்பேன். ஒரு சீனையும் உக்காந்து பாக்கல. அடுத்து என்ன பேசுவாங்கன்னு தெரியும், எந்த இடத்துல அவரு சிரிப்பாருன்னும் தெரியும். அந்த இடம் வந்ததும் கை நின்னுடும். ராத்திரி அந்தக் குரல்கள் ஓடிட்டு இருந்தாதான் தூக்கமே வந்துச்சு.

அத யாராவது, இது பாக்கறதே இல்லன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். அந்த சீரியல்தான் என்ன ஒவ்வொரு நாளும் தாண்ட வச்சுது. அதனால பாதியில நிறுத்தினேன், கவனம் இல்லன்னு உங்களையே போட்டு அடிச்சுக்காதீங்க. சில காலம் மனசுக்கு சத்தம் மட்டும்தான் தாங்கும்.

அப்பா கேட்டது மட்டும் வேற விஷயம். அவரு படத்த பத்தி கேக்கல, உங்கள பேச வைக்கத்தான் கேட்டிருப்பாரு.

---

மறுபடிபோடு:

மேல அக்கா எழுதினத படிச்சிட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோணல. அவங்க சொன்ன கடைசி வரிய நல்லா மனசுல வச்சுக்கங்க.

நண்பா, வீட்ல பாக்கறத தியேட்டர்ல பாக்கறதோட ஒரு மட்டமான நகல் மாதிரி நாம நெனச்சுக்கறோம், அதான் தப்புன்னு எனக்குத் தோணும். தியேட்டர்ல இருட்டும் கூட்டமும் நம்மள புடிச்சு உக்கார வச்சுடும், வீட்ல அது நடக்காது. ஆனா தியேட்டர்ல கெடைக்காத ஒண்ணு வீட்ல இருக்கு, நிறுத்தி, பின்னாடி போயி, அதே இடத்த இன்னொரு தடவ பாக்கலாம். நீங்க அலுப்பா இருக்குன்னு சொன்னீங்களே, அந்த வேலதான் எனக்கு வீட்ல ரொம்பப் புடிச்ச வேல.

ஓசுங்கற டைரக்டரோட டோக்கியோ ஸ்டோரின்னு 1953ல வந்த ஜப்பான் படம், 136 நிமிஷம். வயசான அப்பா அம்மா நகரத்துல இருக்கற புள்ளைங்கள பாக்க வராங்க, புள்ளைங்களுக்கு நேரம் இல்ல, அவ்வளவுதான் கதை. கேமரா தரையில உக்காந்திருக்கற ஆளோட கண்ணு மட்டத்துல இருக்கும், அசையறது ரொம்ப அபூர்வம். மொத தடவ எனக்கும் பொறுமை போச்சு. அதுல ரெண்டு பேரும் கடலோரத்துல ஒரு தடுப்புச் சுவர் மேல உக்காந்து பேசிட்டு இருப்பாங்க. ஊருக்குப் போலாம்னு எழுந்திருப்பாங்க. எழும்போது அந்த அம்மா ஒரு நொடி தலை சுத்தி தடுமாறி கீழ உக்காந்துடுவாங்க, ஒண்ணும் இல்லன்னு சொல்லி எழுந்து நடப்பாங்க. மியூசிக் தூக்கல, கிட்டக்க போயி முகத்த காட்டல. மொத தடவ நான் அத கவனிக்கவே இல்ல. கடைசில அந்த அம்மாவுக்கு என்ன ஆகுதுன்னு பாத்ததும் எனக்கு பொட்டுன்னு அந்த சுவரு ஞாபகம் வந்துச்சு, பின்னாடி போயி போட்டுப் பாத்தேன், இருக்கு, அங்கயே இருக்கு. அந்த அப்பா அவங்க தடுமாறினத பாத்தாரு, புள்ளைங்க யாரும் பாக்கல. நானும் பாக்காத புள்ளைங்கள்ல ஒருத்தனாத்தான் இருந்திருக்கேன்னு அப்பதான் தெரிஞ்சுது. அன்னிக்கு ராத்திரியே எங்கம்மாவுக்கு போன் போட்டேன்.

ஆனா நீங்க இதுலேந்து ஆரம்பிக்காதீங்க. டைரக்டர் சிட்னி லூமெட்டோட 12 ஆங்ரி மென், 1957, வெறும் 96 நிமிஷம், அதுலேந்து ஆரம்பிங்க. அது 1954ல டிவி நாடகமா வந்த கதைதான், வீட்டுக்குன்னே எழுதினது. பன்னெண்டு ஜூரி, அதாவது கோர்ட்டுல தீர்ப்பு சொல்ல கூப்பிட்ட சாதாரண ஆளுங்க, ஒரு ரூமு, கொலைக் கேஸ்ல மாட்டின ஒரு பையனுக்கு மரண தண்டனையா இல்லையான்னு முடிவு பண்ணணும். அப்பாவுக்கும் ஆள் குழப்பம் வராது, எல்லாரும் அந்த மேஜைய சுத்தியேதான் இருப்பாங்க. ரெண்டாவது தடவ பாக்கும்போது கேமராவ கவனிங்க. மொத மூணுல ஒரு பங்கு வரைக்கும் கண்ணு மட்டத்துக்கு மேலேந்து எடுத்திருப்பாரு, நடுவுல கண்ணு மட்டத்துக்கு வந்துடும், கடைசில கீழேந்து மேல பாக்கும், ரூமோட கூரையே தெரிய ஆரம்பிச்சிடும். லென்ஸையும் போகப் போக மாத்திட்டே வந்து, சுவரெல்லாம் ஆளுங்கள நெருக்கற மாதிரி பண்ணியிருப்பாரு. லூமெட்டே தன்னோட புக்குல இத எழுதியிருக்காரு. பாக்கறப்ப நமக்கு இதெல்லாம் தெரியாது, மூச்சு முட்டறது மட்டும் தெரியும். கடைசில வெளிய படிக்கட்டுல இறங்கும்போதுதான் நம்ம மூச்சும் வெளிய வரும்.

போன எங்க வைக்கறதுன்னு கேட்டீங்கன்னா, வேற ரூம்ல. சைலண்ட்ல போட்டு பக்கத்துல வைக்கறது வேலைக்காகாது, நானும் பாத்துட்டேன்.

---

வாரம்ஒண்ணு:

சுருக்கமா என் பங்குக்கு. சீரிஸ் பாக்கறவங்க எல்லாரும் ஒரே ராத்திரில ஆறு எபிசோடு பாக்கறத விட்டுப் பாருங்க. கீஸ்லோவ்ஸ்கி போலந்து டிவிக்காக எடுத்த டெக்கலாக், பத்து எபிசோடு, ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். நாங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம ஒண்ணுன்னு பத்து வாரம் பாத்தோம். எல்லாமே ஒரே அடுக்குமாடிக் குடியிருப்புல நடக்கற தனித்தனி கதை. ஒரு கதைல அழுத ஆளு இன்னொரு கதைல லிஃப்ட்லேந்து வெளிய வந்து சும்மா போவாங்க. ஒரு வார்த்தையும் பேசாத ஒரு ஆளு பெரும்பாலான எபிசோடுல வந்து நின்னு பாத்துட்டுப் போவாரு, யாருன்னே சொல்ல மாட்டாங்க. வாரம் பூரா எங்களுக்கு அதான் பேச்சு. அவரு யாருன்னு என் மனைவிக்கு ஒரு எண்ணம், எனக்கு வேற எண்ணம், இன்னிக்கு வரைக்கும் முடிவாகல. ஒரே மூச்சுல பாத்திருந்தா இந்தப் பேச்செல்லாம் நடந்திருக்கவே நடந்திருக்காது.

---

பாதிப்பக்கம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு பேரு இவ்வளவு மனசுவிட்டு எழுதுவீங்கன்னு நெனைக்கல. சத்தம்வேணும் அக்கா, நீங்க எழுதினத மூணு தடவ படிச்சேன்.

சொன்னதெல்லாம் செஞ்சு பாத்துட்டு வந்து எழுதறேன். மொதல்ல ஆடியோவ ஸ்டீரியோவுக்கு மாத்தினேன், நைட் மோடு போட்டேன், மோஷன் ஸ்மூத்திங் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கவே பத்து நிமிஷம் ஆச்சு, எங்க டிவில அது வேற ஏதோ பேர்ல மூணாவது மெனுக்குள்ள இருந்துச்சு. ஆஃப் பண்ணினேன். சனிக்கிழமை ராத்திரி போன உள் ரூம்ல சார்ஜ்ல போட்டுட்டு அப்பாவோட உக்காந்தேன், 12 ஆங்ரி மென் போட்டோம், நான் சப்டைட்டில படிச்சு அப்பாவுக்கு மெதுவா சொல்லிட்டே வந்தேன். தெனம்ஒருஅத்தியாயம் சொன்னது நெஜம், வாயால சொல்லும்போது ஒரு வரியக் கூட விட முடியல.

ஒரு இருபத்தஞ்சு நிமிஷத்துல கை பக்கத்து மெத்தைய தடவுச்சு. போன் இல்ல. ரெண்டு மூணு தடவ அப்படி ஆச்சு, அப்பறம் நின்னுடுச்சு. எப்ப நின்னுதுன்னு தெரியல.

அப்பாவுக்கு அந்த ஃபேன்தான் ரொம்பப் புடிச்சுது. ஆரம்பத்துல ஒருத்தர் போட்டுப் பாப்பாரு, ஓடாது, எல்லாரும் வேர்த்துக் கொட்ட உக்காந்திருப்பாங்க. அப்பறம் மழை வந்து இருட்டினதும் லைட்ட போடுவாங்க, அதே சுவிட்சுலதான் ஃபேனும் இருக்கும், சுத்த ஆரம்பிக்கும். அப்பா முப்பது வருஷம் எலக்ட்ரிக்கல் வேல பாத்தவரு. ஃபேன் ஓடாதப்பவே "லைட்டு சுவிட்சோட சேத்துக் குடுத்திருப்பான், பாரு"ன்னு சொன்னாரு, நான் நம்பல. அது சுத்தினதும் என் தொடைல ஒரு தட்டு தட்டினாரு.

96 நிமிஷமும் பாத்தோம். முடிஞ்சதும் லைட்ட போட எழுந்தேன், அப்பா அப்படியே உக்காந்திருந்தாரு. "அந்தக் கத்தி... பாக்கெட்லேந்து இன்னொரு கத்திய எடுத்து மேஜைல குத்துவானே, அந்த எடத்த மறுபடி போடு"ன்னாரு. ரிமோட்ட எடுத்து பின்னாடி ஓட்டினேன். "இந்தக் கத்திய இவன் எப்ப வாங்கினானாம்?"னு கேட்டாரு.

இந்த தடவ எனக்கு பதில் தெரிஞ்சிருந்துச்சு.